மருந்துக்குக் கேட்காத கிருமிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"காய்ச்சல் மருந்துக்குக் கேட்கவில்லை" என்பது நமக்குப் பழகிப்போன பேச்சு. கிருமியே மருந்துக்குக் கேட்காமல் போவதைத்தான் மருத்துவ உலகம் நுண்ணுயிர் மருந்து எதிர்ப்பு என்கிறது. வசதி குறைந்த நாடுகளின் மருத்துவத்தில் இது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது, எதைச் செய்தால் குறையும் என்பது பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாக்டீரியாவைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், சில இரண்டு வரியில் முடிந்துவிடும்.

ஆன்டிபயாடிக் அடிக்கடி சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்கிறார்களே, அதுதானா இது?

இல்லை. பழகுவது கிருமி, உடம்பு அல்ல. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. உடம்புதான் பழகுகிறது என்று நினைப்பவர், "நான் ஆன்டிபயாடிக்கே தொடுவதில்லை, எனக்கென்ன?" என்று இருந்துவிடுவார். ஆனால் வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடப் போடாதவருக்கும், பிறந்து இரண்டே நாளான குழந்தைக்கும் எதிர்ப்பு பெற்ற கிருமி தொற்றலாம்.

ஈ.கோலை போன்ற பாக்டீரியா, சூழல் ஒத்துவந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அப்படிப் பெருகும் கோடிக்கணக்கில் ஒன்றிரண்டின் மரபணு சற்றே மாறியிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, தப்பிய அந்த ஒன்றிரண்டு தடையில்லாமல் பெருகும். இது ஒரு வழி. இன்னொரு வழி எனக்கு அதைவிடக் கவலை தருவது. பிளாஸ்மிட் என்ற வளையம் போன்ற மரபணுத் துண்டை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் வேறு வகை பாக்டீரியாவுக்குக் கைமாற்றிவிடும். நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே துண்டில் சேர்ந்தே இருக்கலாம். குடலிலும் சாக்கடையிலும் மருத்துவமனைக் கைகழுவும் தொட்டியிலும் இந்தக் கைமாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது.

உண்மையிலேயே எவ்வளவு பேர் இறக்கிறார்கள்?

2019-ஆம் ஆண்டுக்கு உலக அளவில் செய்த கணக்கெடுப்பின்படி, மருந்து எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர். அத்தகைய தொற்று உடனிருந்த மரணங்களையும் சேர்த்தால் 49.5 லட்சம். நேரடி மரண விகிதம் உலகிலேயே அதிகமாக இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவில். அங்கே ஒரு லட்சம் பேருக்கு 27 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அடங்கிய பகுதியில் அது 6.5 மட்டுமே.

2023-இல் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட பாக்டீரியா தொற்றுகளில் ஆறில் ஒன்று மருந்துக்கு எதிர்ப்பு காட்டியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தென்கிழக்கு ஆசியாவில் அது மூன்றில் ஒன்று. போக்கு மாறாவிட்டால் 2025 முதல் 2050 வரை நேரடி மரணங்கள் மட்டுமே 3.9 கோடியைத் தாண்டும் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது.

வசதி குறைந்த நாடுகளில் மக்கள் மருந்தைக் கண்டபடி விழுங்குவதால்தானே அங்கே இது அதிகம்?

இந்தக் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. அது பெரும்பாலும் தப்பான ஆள்மேல் விழுகிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

தேவையில்லாமல் மருந்து சாப்பிடுவது எதிர்ப்பை வளர்க்கும், மறுப்பில்லை. ஆனால் 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பல நாடுகளின் எதிர்ப்பு அளவையும் அந்த நாடுகளின் நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. குடிநீர், கழிவுநீர் வசதி போன்ற கட்டமைப்பும் ஆட்சி நிர்வாகமும் நன்றாக இருந்த இடங்களில் எதிர்ப்பு குறைவாக இருந்தது. மக்கள் எவ்வளவு ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்கள் என்ற கணக்குக்கும் எதிர்ப்பு அளவுக்கும் அந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. எதிர்ப்பு உருவாவதற்கு மருந்து காரணம், சரி. உருவானது ஊரெல்லாம் பரவுவதற்குக் காரணம் அசுத்தமான நீரும் நெரிசலும் கழுவாத கையும்.

ஒரு தாயின் இடத்தில் நின்று பாருங்கள். குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. சுகாதார நிலையம் இரண்டு மணி நேரத் தொலைவு. போனாலும் அன்று டாக்டர் இருப்பார் என்பது நிச்சயமில்லை, ஒருநாள் கூலியும் போய்விடும். நடந்து போகும் தூரத்தில் மருந்துக்கடை இருக்கிறது. அவர் அங்கே போய் நாலு மாத்திரை வாங்குகிறார். அதை அறியாமை என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர்க்குழாயும் கழிப்பறையும் செவிலியரும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஆன்டிபயாடிக் நிற்கிறது. அவற்றைக் கொடுக்காமல் மருந்தை மட்டும் பிடுங்கினால் அந்தத் தாயின் கையில் என்ன மிஞ்சும்?

அப்படியானால் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பதைத் தடைசெய்ய வேண்டாமா?

வேண்டும், ஆனால் எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி அல்ல, ஒரே நாளிலும் அல்ல. டாக்டரே எட்டாத இடத்தில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் பூட்டிவைத்தால், நிமோனியா வந்த குழந்தைக்கு அமாக்சிசிலின்கூடக் கிடைக்காது. கிருமிக்கு எதிர்ப்பு இருப்பதால் சாகும் குழந்தைகளைப் போல, சாதாரண மருந்து நேரத்துக்குக் கிடைக்காமல் சாகும் குழந்தைகளும் உண்டு.

இந்தியா 2014 மார்ச் 1 முதல் எச்1 என்ற பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வலிமையான சில ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் முதலியவை அதில் வரும். அவற்றை விற்கும்போது எழுதிய டாக்டர், வாங்கிய நோயாளி, கொடுத்த அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடாமல் முக்கியமானதை முதலில் காப்பது என்ற அணுகுமுறை எனக்குச் சரியாகப் படுகிறது. அதை நடைமுறைப்படுத்தப் போதுமான ஆய்வாளர்கள் இருக்கிறார்களா என்பது வேறு விஷயம். சிலி நாடு 1999-இல் சீட்டில்லா விற்பனையைக் கண்டிப்பாகத் தடுத்தது. முதலில் விற்பனை நன்றாகவே குறைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல மறுபடி ஏறியது. சட்டத்தைப் போட்டால் மட்டும் போதாது, வருடா வருடம் அதன் பின்னாலேயே நிற்க வேண்டும்.

படித்த டாக்டர்களே சளிக்கும் இருமலுக்கும் ஆன்டிபயாடிக் எழுதுகிறார்களே, ஏன்?

பெரும்பாலும் பயத்தால். இவருக்கு வைரஸா பாக்டீரியாவா என்று அந்த நேரத்தில் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருக்காது. வரிசையில் நூறு பேர் காத்திருப்பார்கள், ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்க முடியாது. "இரண்டு நாள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பியவர் திரும்பி வர முடியாமல் போனால் என்ன செய்வது? எழுதிக் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும்.

பயத்தைக் குறைக்க, உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் சிறு சோதனைகள் உதவும். வியட்நாமில் ஆரம்ப சுகாதார மையங்களுக்கு மூச்சுத்தொற்றோடு வந்த சுமார் 2,000 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தை அளந்தார்கள். வழக்கமான முறையில் 78% பேர் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டார்கள். சோதனை செய்த குழுவில் அது 64% ஆகக் குறைந்தது. குணமாவதில் பின்னடைவு எதுவும் இல்லை. 64 என்பதும் அதிகம்தான். ஆனாலும் அறிவுரை மட்டும் சொல்லி இந்தக் குறைவைக் கொண்டுவருவது கடினம்.

கல்ச்சர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்து கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம், டெஸ்ட் செய்ய இடம் இருந்தால். 14 ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 50,000 மருத்துவ ஆய்வகங்களைக் கணக்கெடுத்தபோது, பாக்டீரியா சோதனை செய்யக்கூடியவை 1.3% மட்டுமே என்று தெரியவந்தது. நூறில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது ஏன் அவ்வளவு கடினம் என்பது, வேலை நடக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். நோயாளியின் இரத்தத்தை ஊட்டத் திரவம் உள்ள குப்பியில் விட்டு, உடல் சூட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் திரவம் கலங்கினால் ஏதோ வளர்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துத் தட்டில் வளர்த்து இன்னது என்று அடையாளம் காண வேண்டும். பிறகு அகார் என்ற கூழ் பரப்பிய வட்டத் தட்டில் அந்தக் கிருமியை ஒரே சீராகத் தடவி, மேலே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய காகித வில்லைகளை வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து. மறுநாள் காலை பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி சாம்பல் நிறப் படலமாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்யும் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் தெரியும். அளவுகோல் வைத்து அந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். வில்லையை ஒட்டியே படலம் நின்றால் அந்த மருந்து பயனில்லை. சில நேரம் ஆறு வில்லை வைத்து ஆறைச் சுற்றியும் படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தட்டை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இதில் எங்கே வேண்டுமானாலும் தவறலாம். மின்சாரம் போய் குளிர்பெட்டியின் சூடு ஏறினால் வில்லைகளின் வீரியம் குறையும், அப்போது நல்ல மருந்தும் தோற்றதாகக் காட்டும். ஆட்டு இரத்தம் சேர்க்க வேண்டிய அகாரில், கிடைக்காததால், காலாவதியான மனித இரத்தத்தைச் சேர்க்கும் இடங்கள் உண்டு. சில கிருமிகள் அதில் சரியாக வளராது. இதையெல்லாம் தாண்டி ரிப்போர்ட் வருவதற்குள் மூன்று நாள் ஆகிவிடும். அதற்குள் நோயாளி தேறியிருப்பார், அல்லது இறந்திருப்பார். தாமதமாகவே வரும் ரிப்போர்ட்டை டாக்டர்கள் நம்பிக் காத்திருப்பதில்லை, அதனால் மாதிரியும் அனுப்புவதில்லை. மாதிரி வராத ஆய்வகத்துக்குப் பணமும் ஒதுக்குவதில்லை. இந்தச் சுழலை உடைக்க, இருபது இடங்களில் அரைகுறை ஆய்வகம் திறப்பதைவிட ஒரு பகுதிக்கு ஒன்று என்று நன்றாக நடத்தி, சுற்றியுள்ள மருத்துவமனைகளின் மாதிரிகளை தினமும் அங்கே கொண்டுசேர்ப்பது மேல்.

ஆய்வகமே இல்லாத இடத்தில் எதை வைத்து மருந்து தேர்ந்தெடுப்பது?

இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூறாகப் பிரித்தது. அக்சஸ் என்பது முதலில் கையிலெடுக்க வேண்டியவை: அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், ஜென்டாமைசின் போன்றவை. வாட்ச் என்பது கவனத்தோடு மட்டும் தர வேண்டியவை: செஃப்ட்ரையாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், மெரோபெனெம். ரிசர்வ் என்பது வேறு வழியே இல்லாதபோது எடுப்பவை: கோலிஸ்டின், லினிசோலிட். எந்த நோய்க்கு எது, எத்தனை நாள், எப்போது எதுவுமே வேண்டாம் என்பதற்கு 2022-இல் ஒரு கையேடும் வந்தது. அசித்ரோமைசின் சாதாரணத் தொண்டை வலிக்கே கைக்கு வந்துவிடுகிறது, ஆனால் அது இரண்டாம் கூறு என்பது பலருக்குத் தெரியாது.

தாய்லாந்து 2007-இல் தொடங்கிய ஒரு திட்டம் எனக்குப் பிடித்தது. எல்லா நோயையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளாமல் மூன்றை மட்டும் எடுத்தார்கள்: மேல்மூச்சுத் தொற்று, திடீர் வயிற்றுப்போக்கு, சாதாரண வெட்டுக்காயம். இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. உதாரணத்துக்கு, குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்குக்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் 10 முதல் 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையும்தான். மாவட்ட அளவில் சிறிதாக ஆரம்பித்த திட்டம், தேசியக் காப்பீடு நிதி ஒதுக்கும் முறையோடு இணைந்து விரிந்தது. "இதைச் செய்யாதே" என்பதோடு நிறுத்தாமல், சரியாகச் செய்கிற மருத்துவமனைக்குப் பலன் கிடைக்கும்படி செய்தார்கள்.

அப்புறம், முதல் கூறு மருந்துகள் கையிருப்பில் இருக்க வேண்டும். அமாக்சிசிலின் தீர்ந்துபோன நிலையத்தில் செவிலியர் இருப்பதைத்தான் கொடுப்பார், இருப்பதோ செஃப்ட்ரையாக்சோன் ஊசியாக இருக்கும்.

மருத்துவமனைக்குப் போனால்தான் இந்தக் கிருமிகள் தொற்றுமாமே?

வெளியிலும் தொற்றும். ஆனால் மிக மோசமானவை மருத்துவமனைக்குள் வாழ்வது உண்மை. குறிப்பாகப் பச்சிளம் குழந்தைகள் பிரிவில்.

நெரிசலான பிரிவு ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். குறைமாதத்தில் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரே வெப்பப் படுக்கையில். பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு ஒரு செவிலியர். கைகழுவும் தொட்டி வார்டின் மறு கோடியில், அதிலும் தண்ணீர் காலையில் மட்டும். மேசையில் பலமுறை பயன்படுத்தும் மருந்துக் குப்பி ஒன்று. அதன் ரப்பர் மூடியில் ஓர் ஊசி குத்தியபடியே நிற்கிறது, அடுத்த முறை எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. அந்த ஊசி வழியாகக் கிருமி ஒருமுறை உள்ளே போனால் அன்றைக்கு அந்தக் குப்பியிலிருந்து மருந்து பெறும் ஒவ்வொரு குழந்தையின் இரத்தத்திலும் நேராக இறங்கும். அந்தச் செவிலியர் அலட்சியக்காரர் அல்ல. ஆளுக்கொரு குப்பி கொடுக்க அங்கே குப்பிகள் இல்லை.

2018 முதல் 2020 வரை 11 நாடுகளின் 19 மருத்துவமனைகளில், இரத்தத்தில் தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட 3,200-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 11% குழந்தைகள் இறந்தன. அதிகம் கிடைத்த கிருமி கிளெப்சியெல்லா நிமோனியே. ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்ந்ததுதான் இந்த நோய்க்கு உலக அளவில் பரிந்துரைக்கப்படும் முதல் சிகிச்சை. கிளெப்சியெல்லா பல இடங்களில் இரண்டையும் தாண்டிவிட்டது.

உலகின் மருத்துவ நிலையங்களில் ஏறக்குறைய பாதியில், நோயாளியைப் பார்க்கும் இடத்திலும் கழிப்பறையிலும் சோப்பும் தண்ணீருமோ கை தேய்க்கும் ஆல்கஹால் திரவமோ சேர்ந்தாற்போல் இல்லை. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் இதற்குக் கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கைத் திரவத்தின் செய்முறையை உலக சுகாதார நிறுவனமே கொடுத்திருக்கிறது: 80% எத்தனால், கொஞ்சம் கிளிசரால், சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு. பயிற்சி பெற்ற ஒரு மருந்தாளுநர் மருத்துவமனையிலேயே தயாரிக்கலாம்.

தடுப்பூசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நோயே வராவிட்டால் மருந்து தேவைப்படாது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஹைதராபாத் பகுதியில் 2016 நவம்பரில் ஒரு புதுவகை டைபாய்டு தலைகாட்டியது. டைபாய்டுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த பழைய மூன்று மருந்துகளும் பயன்படவில்லை, சிப்ரோஃப்ளாக்சசினும் பயன்படவில்லை, செஃப்ட்ரையாக்சோனும் பயன்படவில்லை. வாய்வழி மருந்தில் நம்பிக்கையாக மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, முன்பே எதிர்ப்பு பெற்றிருந்த டைபாய்டு கிருமி புதிதாக ஒரு பிளாஸ்மிட்டையும் வாங்கிக்கொண்டிருந்தது. ஈ.கோலையில் காணப்படும் வகை அது. மேலே சொன்ன கைமாற்றம் இதுதான்.

2019-இல் பாகிஸ்தான் கான்ஜுகேட் வகை டைபாய்டு தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் சேர்த்தது. உலகிலேயே அதைச் செய்த முதல் நாடு அது. சிந்துவில் இரண்டு வாரத்தில் சுமார் 1 கோடிக் குழந்தைகளுக்குப் போட முனைந்தார்கள். எதிர்ப்பு பெற்ற கிருமிக்கும் பெறாத கிருமிக்கும் தடுப்பூசி ஒன்றேதான். இருக்கும் தடுப்பூசிகளும் வரவிருப்பவையும் முழுதாகப் போய்ச் சேர்ந்தால் உலகின் ஆன்டிபயாடிக் பயன்பாடு ஆண்டுக்கு 22% வரை குறையலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் மதிப்பிட்டது.

கோர்ஸை முழுசாக முடிக்க வேண்டுமா, குணமானால் நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக நீட்டவும் செய்யாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் கணக்கே கணக்கு. ஆனால் "நீளமாகக் கொடுத்தால்தான் கிருமி எதிர்ப்பு பெறாது" என்ற பழைய நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. பல நோய்களுக்குக் குறைந்த நாளே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூச்சு வேகம் மட்டும் கூடியிருக்கும் குழந்தை நிமோனியாவுக்கு, எச்.ஐ.வி. குறைவான இடங்களில், 3 நாள் அமாக்சிசிலின் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே 5 நாளைக்குத்தான் எழுதினார் என்று டாக்டரைச் சந்தேகப்பட வேண்டாம். காசநோயில் மட்டும் கதை வேறு. அங்கே பாதியில் விட்டால் எதிர்ப்பு உருவாகும் ஆபத்து மெய்யானது.

காசநோயைச் சொன்னீர்கள். அதில் நிலைமை எப்படி?

இந்தப் பக்கத்தில் நான் மகிழ்ச்சியோடு எழுதும் பதில் இது. பல மருந்துக்கு எதிர்ப்பு பெற்ற காசநோய்க்கு முன்பெல்லாம் 18 முதல் 24 மாதம் வரை சிகிச்சை. அதில் பல மாதம் ஊசி வேறு. அந்த ஊசிகளால் காது கேட்காமல் போனவர்கள் ஏராளம். 2018-இல் தென்னாப்பிரிக்கா ஊசியை விட்டுவிட்டு பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறியது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் மாத்திரைகள் மட்டுமே உள்ள 6 மாதச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்தது அது. நோயாளிகளைப் பெயர் பெயராகப் பதிவுசெய்து, இலவசமாக மருந்து கொடுத்து, வீடு வரை தொடரும் அமைப்பு காசநோய்க்குப் பல ஏழை நாடுகளில் இருக்கிறது. அந்த அமைப்பு இருந்ததால்தான் புது மருந்து நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது.

கோழிப்பண்ணை, பன்றிப்பண்ணை, மருந்து ஆலை இவற்றுக்கும் பங்கு உண்டா?

உண்டு. கடைசி ஆயுதமான கோலிஸ்டினைச் செயலிழக்கச் செய்யும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவுவதை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கால்நடைகள் சீக்கிரம் கொழுக்க வேண்டும் என்று தீவனத்தில் கோலிஸ்டின் கலந்துகொண்டிருந்த காலம் அது. 2017-இல் சீனா அதை நிறுத்தியது, 2019-இல் இந்தியாவும் தடைசெய்தது. சீனாவில் நிறுத்திய பிறகு பன்றிகளிலும் மனிதர்களிலும் அந்த மரபணு குறைந்தது. போனது போனதுதான் என்று கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆலைகளைப் பொறுத்தவரை, 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று தெலங்கானாவின் பட்டன்செரு அருகே, மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததைக் கண்டது. நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது பல மடங்கு. ஆலைக் கழிவுநீருக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட 2024 வரை ஆனது. மிகவும் தாமதம் என்றே நினைக்கிறேன்.

போலி மருந்துகளாலும் எதிர்ப்பு வளருமா?

வளரும். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து மருந்தில் ஒன்று தரம் குறைந்ததாகவோ போலியாகவோ இருப்பதாக 2017-இல் மதிப்பிடப்பட்டது. வீரியம் குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும்.

அரசுகள் என்னதான் செய்கின்றன?

திட்டம் எழுதுகின்றன. 2015-இல் உலகச் செயல்திட்டம் வந்தபின் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் தேசியத் திட்டம் தயாரித்துவிட்டன. அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியவை 11% மட்டுமே. 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் கூடிய நாடுகள், 2030-க்குள் இதன் தொடர்பான மரணங்களை 10% குறைப்பது, மனிதருக்குத் தரும் ஆன்டிபயாடிக்கில் 70% அக்சஸ் என்ற முதல் கூறிலிருந்து வருவது, எல்லா மருத்துவ நிலையங்களிலும் அடிப்படைத் தண்ணீர், கழிப்பறை வசதி ஏற்படுத்துவது என்று உறுதி எடுத்தன. மூன்றாவதை நிறைவேற்றினால் முதலாவதில் பாதி தானாக நடக்கும்.

புது மருந்து கண்டுபிடித்தால் தீர்ந்துவிடாதா?

ஏற்கெனவே கண்டுபிடித்தது யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, தென்னாப்பிரிக்கா, எகிப்து, பிரேசில், மெக்சிகோ ஆகிய 8 நாடுகளில் 2019-இல் கார்பாபெனெம் (மெரோபெனெம் போன்ற வலிமையான ஆன்டிபயாடிக் வகை) மருந்துக்குக் கேட்காத தொற்று சுமார் 15 லட்சம் ஏற்பட்டது. அவர்களில் பொருத்தமான ஆன்டிபயாடிக் கிடைத்தவர்கள் 6.9% என்று 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நூறில் ஏழு பேர். மீதிப் பேரின் நோய் யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மருந்து இல்லை.

இத்தகைய தொற்றுக்கான செஃபிடெரோகோல் என்ற மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2022-இல் அதன் உரிமையாளரான ஷியோனோகி நிறுவனம் ஜி.ஏ.ஆர்.டி.பி. என்ற லாப நோக்கற்ற அமைப்புடன் ஒப்பந்தம் போட்டு, 135 நாடுகளுக்குக் குறைந்த விலையில் தயாரித்துக் கொடுக்க வழிவிட்டது. இப்படிப்பட்ட ஒப்பந்தம் மருந்து பிறக்கும்போதே போடப்பட வேண்டும்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. முதலில் எதில் போடுவது?

மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பில். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் ஆண்டுக்கு 7.5 லட்சம் மரணங்களைத் தவிர்க்கலாம் என்று 2024-இல் ஒரு கணக்கு வெளியானது. அதில் 3.37 லட்சம் மருத்துவ நிலையங்களின் கைச்சுத்தம், கருவிச் சுத்தம் போன்றவற்றால், சுமார் 2.48 லட்சம் எல்லோருக்கும் சுத்தமான நீரும் கழிப்பறையும் கிடைப்பதால், சுமார் 1.82 லட்சம் தடுப்பூசியால். மூன்றுமே நாம் ஏற்கெனவே செய்யத் தெரிந்த வேலைகள்.

அதிலும் எங்கே தொடங்குவது என்று கேட்டால், பிரசவ அறையும் பச்சிளம் குழந்தைகள் பிரிவும் என்பேன். ஒவ்வொரு படுக்கையருகிலும் கைத் திரவம், நாள் முழுக்கத் தண்ணீர், குழந்தைக்கொரு குப்பி, இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியர்.

வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கை என்ன செய்வது?

அடுத்த காய்ச்சலுக்கு என்று வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்துக்கடையோ மருத்துவமனையோ இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, வேண்டாத மண்ணோடோ சாம்பலோடோ கலந்து, பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி.